நாற்பத்திரண்டு நிமிடம்

மலையிலிருந்து மேப்பு இறங்கி ஏழு வாரமாகிறது. அவள் வீட்டில்தான் இன்னும் யாரும் இறங்கவில்லை.

அம்மாவிடம் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்கள், அப்பா வேலை செய்யும் பஸ் டிப்போவின் டிரைவர்கள், கண்டக்டர்கள் என்று ஒருவர் விடாமல் அந்த நான்கு நாள் மலை நடையின் கதையைக் கேட்டாயிற்று. ஆறு பிள்ளைகள். ஆளுக்கொரு பை. சொந்தக் கூடாரம், சொந்தச் சமையல், கையில் வரைபடமும் காம்பஸும் மட்டும். போன் கூடாது, பெரியவர்கள் உதவி கூடாது. முடித்தால் சர்டிபிகேட். அது இருந்தால் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் கட்டின் மேலே வரும், இல்லாவிட்டால் அடியில் கிடந்து நசுங்கும் என்று விண்ணப்ப மாஸ்டர் சொல்லியிருந்தார். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு மாஸ்டர் இருக்கிற காலம் இது. என்ன செய்வது!

மேப்பு என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. மேப் அவள் கையில் இருந்ததால் கூட வந்த ஐந்து பேரும் வைத்தது. இறங்கி வந்த அன்றே அம்மாவும் அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்டர்வியூ கடிதம் வந்ததையும், அதைத் தையல் மிஷின் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஊசி டப்பாவைத் தூக்கி வைத்து, அம்மா திரும்பத் திரும்பப் படித்ததையும் போன வாரம் பார்த்தோம். அந்த நாள் வந்துவிட்டது. மூன்று மணிக்கு இன்டர்வியூ. இப்போது காலை ஒன்பது.

அப்பா லீவு போட்டிருந்தார். அவர் டிப்போவில் டைம்கீப்பர். எந்தப் பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்துக் குறிக்கிற வேலை. முன்பு நோட்டில் குறித்தார், இப்போது திரையில் ஓடும் புள்ளிகளைப் பார்த்துக் குறிக்கிறார். வீட்டிலும் அதே பேச்சுதான். "சாப்பாடு எப்போ?" என்று கேட்கமாட்டார். "சாப்பாடு ஆறு நிமிஷம் லேட்டு" என்பார்.

"உள்ள வாங்க, உட்காருங்க," என்றார் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து. ஒத்திகைக்காகச் சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டிருந்தார்.

"பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றாள் அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "அங்க இருக்கறவங்க கொஞ்சம் சிரிப்பாங்க."

"நீ சும்மா இரு. முதல் கேள்வி. மலையில மூணாவது நாள் என்ன நடந்துச்சு?"

மேப்பு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மனப்பாடம்தான். "மதியம் மேட்டு மேல ஏறினதும் பனி இறங்கிடுச்சு. பாதை ரெண்டாப் பிரியற இடம். எல்லாரும் இடது பக்கம்னாங்க. நான் நிறுத்தினேன். பத்து நிமிஷம் வரைபடத்தையும் காம்பஸையும் வச்சுப் பார்த்து, வலது பக்கம்தான்னு முடிவு பண்ணி..."

"பத்து நிமிஷம் இல்ல. நாற்பத்திரண்டு."

மிஷின் நின்றது.

டைம்கீப்பருக்கு வாயில் வந்தது வந்துவிட்டது. தப்பான நேரத்தைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. எந்த டிரைவர் பத்து நிமிஷம் என்று கதை விட்டாலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரியான எண்ணைச் சொல்லித் திருத்துவார். அதே பழக்கம்.

மேப்புவின் முகம் வெளுத்துவிட்டது. விண்ணப்பத்தோடு அனுப்பிய மலைக் குறிப்பேட்டில் பத்து நிமிடம் என்றுதான் எழுதியிருந்தாள். ரொம்ப நேரம் நின்றதை யாரிடமும் சொல்வதில்லை என்று இறங்கும் வழியிலேயே ஆறு பேரும் பேசிவைத்திருந்தார்கள். எத்தனை நிமிடம் என்பது அவளுக்கே தெரியாது.

"அப்பா. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, பாவம், சுவரோரம் துவைத்துக் காயவைத்து நிறுத்தியிருந்த மலைப்பையைப் பார்த்தாள். பார்த்த கண்ணைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

அது போதுமே. மேப்பு எழுந்து போய்ப் பையைத் தூக்கி மேசை மேல் போட்டாள். முதுகில் படியும் மெத்துப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். தையல்காரியின் மகள் அல்லவா? மூன்று பக்கம் கம்பெனித் தையல். நாலாவது பக்கம் நூல் நிறம் அச்சாக ஒத்துப்போயிருந்தது, ஆனால் தையல் கை வேலை. மிஷின் டிராயரிலிருந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.

"வேண்டாம்டி," என்றாள் அம்மா.

சர்ரென்று பிரிந்தது. உள்ளே பஞ்சில் இரண்டு குழிகள், கத்தரித்து வைத்த மாதிரி. ஒன்று போன் அளவு. இன்னொன்று அதற்குச் சார்ஜ் கொடுக்கும் பவர் பேங்க் அளவு.

"போன் எங்க?"

"பட்டன் டப்பாவுல." அம்மாவின் குரல் தணிந்து போயிருந்தது. "நீ வந்த அன்னைக்கே எடுத்துட்டேன். உன் பழைய போன்தான். சத்தம் வராது, வெளிச்சம் வராது. நீ எங்க இருக்கேன்னு மட்டும் அப்பா போனுக்குக் காட்டும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? கிளம்பும்போது மலை வாத்தியார் ஒவ்வொரு பையையும் கொட்டிப் பார்த்தாரே அம்மா!"

"பார்த்தார். அந்தப் பட்டையை அமுக்கிக்கூடப் பார்த்தார். அவருக்கே தெரியல." சொன்ன வேகத்தில் அம்மாவின் குரலில் பெருமை எட்டிப்பார்த்தது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு கனம் ரெண்டும் சேர்ந்து?"

"முக்கால் கிலோ இருக்கும்."

மேப்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு நாள் பையைக் கவுத்துக் கவுத்துத் தேடினேன்மா, எது இப்படிக் கனக்குதுன்னு. பாதி சோப்பைத் தூக்கிப் போட்டேன். சீப்பை ஒடிச்சுப் பாதியைப் போட்டேன். எனக்குத்தான் தெம்பு இல்லைன்னு நினைச்சேன். ராத்திரி கூடாரத்துல அழுதேன் தெரியுமா?"

அம்மா அவள் தோளைத் தொட வந்தாள். மேப்பு தோளை இழுத்துக்கொண்டாள்.

"பயம்டி. நாலு நாள் ஒரு தகவலும் இல்லாம என்னால இருக்க முடியாது. பெத்தவளுக்கு இருக்காதா?"

"கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப இந்தப் பயம் எங்க போச்சு?"

சுவரில் அவர்கள் கையெழுத்துப் போட்ட விதிமுறைத் தாளின் நகல் இன்னும் ஒட்டியிருந்தது. படிக்கத் தேவையில்லை, மூன்று பேருக்கும் தெரியும். போனோ, இருக்குமிடம் காட்டும் கருவியோ எந்த ஒருவர் பையில் இருந்தாலும் ஆறு பேருக்கும் சர்டிபிகேட் கிடையாது. கீழே அப்பாவின் கையெழுத்து, தேதி. பக்கத்தில், யாரும் கேட்காமலே, நேரம்.

"இப்ப ஒண்ணும் பேசவேண்டாம்," என்றாள் அம்மா. "யாருக்கும் தெரியாது. மூணு மணிக்குப் போ, நல்லாப் பேசு, வந்து என்னை என்ன வேணாலும் திட்டு. உன் படிப்பு ஒண்ணுதான் எனக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரித்த பட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள். இன்டர்வியூவுக்கு மலைப்பையோடு வரச் சொல்லியிருந்தார்களே, கிழிசலோடு எப்படி அனுப்புவது? மேப்பு தடுக்கவில்லை. அந்த மிஷின் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்துக்கு ஒன்றேகால் மணி நேரப் பஸ் பயணம். அப்பாவுக்குத் தெரிந்த டிரைவர். "என்ன டைம்கீப்பரே, பொண்ணு பெரிய படிப்புக்குப் போகுதா? இன்னைக்கு நான் ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணமாட்டேன்," என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மேப்பு ஜன்னல் பக்கம். மடியில் பை. நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அப்பா.

பாதி வழியில் அவள் போன் துடித்தது. கூட மலையேறிய நெட்டைப் பையன், ஒட்டகம் என்று பெயர். 'சீட் கிடைச்சாச்சு! உதவித்தொகையோட. சர்டிபிகேட்டைப் பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்களாம். வீட்டுல எல்லாரும் அழறாங்க. மேப்பு, நீ மட்டும் அன்னைக்கு வலது பக்கம்னு சொல்லலைன்னா நான் அங்கயே உறைஞ்சிருப்பேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை அப்பா பக்கம் நீட்டினாள். அப்பா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பையனுடைய வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். உதவித்தொகை இல்லாவிட்டால் அவனுக்குப் படிப்பே இல்லை.

"அப்பா, ஒண்ணு கேட்கறேன். உண்மையைச் சொல்லணும்."

"கேளு."

"நாங்க நாற்பத்திரண்டு நிமிஷம் அசையாம நின்னோம். நீங்க பார்த்துட்டு இருந்தீங்க. டிப்போவுல ஒரு பஸ் பத்து நிமிஷம் நின்னா என்ன பண்ணுவீங்க?"

"டிரைவரைக் கூப்பிடுவேன்."

"மலை வாத்தியாரோட அவசர நம்பர் உங்ககிட்ட இருந்துச்சில்ல?"

அப்பா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நம்பரைப் போட்டு வச்சிருந்தேன்."

"கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நான் சமாளிச்சிடுவேன்னு நம்பினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டாள். காலையிலிருந்து கெட்டதில் அந்த ஒன்றாவது நல்லதாக இருக்கட்டும் என்று அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பிக்கை எல்லாம் இல்லம்மா," என்றார் அப்பா. "கூப்பிடத்தான் போனேன். ஆனா கூப்பிட்டா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவர் கேட்பார். போன் விஷயம் வெளிய வந்துடும். சர்டிபிகேட் போயிடும்னு நினைச்சேன். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு தள்ளிட்டே இருந்தேன். பனியில ஆறு பிள்ளைங்க. நான் சர்டிபிகேட்டை நினைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் புள்ளி நகர்ந்துச்சு. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்."

மேப்பு ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். கூட மலையேறியவர்களில் தும்மல் என்று பெயர் வைத்திருந்த சின்னப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. தும்முவதைக்கூட நிறுத்திவிட்டு, உதடு நீலமாகி, ஒட்டகத்தின் மேல் சாய்ந்துகிடந்த முகம்.

"தும்மலுக்கு உடம்பு விறைச்சுப் போச்சு அப்பா. பேச்சு குழறிச்சு. அது உங்க புள்ளியில தெரியாதே."

இறங்கவேண்டிய நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா மெல்லச் சொன்னார்.

"அவங்க கேட்டா, பத்து நிமிஷம்னே சொல்லிடு."

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தப்பான நேரத்தைச் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவளைப் பார்க்க முடியாமல், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இன்டர்வியூ அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் மடியில் மலைப்பை. ஏதோ மலையடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் போலிருந்தது. அப்பா ஓரமாக உட்கார்ந்தார். "போயிட்டு வா" என்று பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த பேராசிரியை. இன்னொருவர் இளம் விரிவுரையாளர், மேப்புவின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மலைக்குப் போனது உங்களுக்கு என்ன கத்துக்கொடுத்துச்சு?" என்றார் பேராசிரியை.

"தன்னம்பிக்கை. கூட்டு முயற்சி. தலைமைப் பண்பு." மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் வந்தது.

பேராசிரியை எதிரே இருந்த காகிதத்தில் ஒரு கோடு போட்டார். ஏற்கெனவே அதில் நிறையக் கோடுகள்.

"இன்னைக்கு இது பதினோராவது தன்னம்பிக்கை," என்றார். கோபமில்லை, அலுப்பு. "எல்லாருக்கும் மூணாவது நாள்தான் பனி இறங்குது. எல்லாரும் பத்தே நிமிஷத்துல வழி கண்டுபிடிச்சிடறாங்க. உங்களுக்கும் அப்படித்தானா?"

குறிப்பேடு விரித்த பக்கத்தில் அவள் கையெழுத்து தெரிந்தது. பத்து நிமிடம். ஆமாம் மேடம் என்றால் போதும். ஆறு சர்டிபிகேட்டும் பத்திரம், ஒட்டகத்தின் உதவித்தொகை பத்திரம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் பத்திரம். என்ன, விண்ணப்பக் கட்டுக்குள் பதினோராவது ஆளாகக் கிடப்பாள். கிடந்தால் என்ன?

ஆனால் அந்த மேட்டில் நின்ற மேப்புவைப் பதினோராவது கோடாக விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"இல்ல மேடம்," என்றாள். "நான் பயந்துட்டேன். பத்து நிமிஷம்னு எழுதினது பொய். ரொம்ப நேரம் நின்னோம். காம்பஸ் முதல்லயே வலது பக்கம்னு காட்டிடுச்சு. நான்தான் நம்பல. அஞ்சு பேரும் இடதுங்கறாங்க, நான் மட்டும் தப்பாச் சொல்லி எல்லாரையும் மாட்டி விட்டுட்டா? திரும்பி நின்னு அழுதேன். மூக்கு ஒழுகுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

பேராசிரியை கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "அப்புறம் எப்படிக் கிளம்பினீங்க?"

"கூட வந்த ஒருத்திக்கு உதடு நீலமாயிடுச்சு. பேச்சு குழறிச்சு. இனிமே நிக்கறது, தப்பான பாதையில போறதைவிட மோசம்னு தெரிஞ்சுது. வலதுன்னு சொல்லிட்டு நடந்தேன். தைரியமெல்லாம் வரல மேடம். பயத்தோடதான் நடந்தேன். ஓடைச் சத்தம் கேட்கற வரைக்கும் பயம்தான்."

பேராசிரியை இந்தத் தடவை கோடு போடவில்லை. எழுதினார். இரண்டு வரி, மூன்று வரி. இளைஞர் குறிப்பேட்டை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"இதைத்தான் காலையிலேர்ந்து தேடறோம்," என்றார். "எவ்வளவு நேரம் நின்னீங்க?"

தெரியல சார் என்று சொல்லியிருக்கலாம். அன்று காலை ஒன்பது மணி வரை அதுதான் உண்மை. ஆனால் அவள் யாருடைய மகள்?

"நாற்பத்திரண்டு நிமிஷம்."

"அவ்வளவு கரெக்டாவா?" இளைஞர் சிரித்தார். "பயந்து அழுதுகிட்டே வாட்சைப் பார்த்துட்டு இருந்தீங்களா?"

நல்ல மனிதர். அவரே வழி காட்டிவிட்டார். தலையை ஆட்டினால் போதும். மேப்பு மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். காலையில் அம்மா திரும்பத் தைத்த இடத்துக்கு விரல் போயிற்று. தையல் தட்டுப்படவே இல்லை, அவ்வளவு நேர்த்தி. எங்கே என்று முன்பே தெரிந்ததால்தான் அவளுக்குத் தெரிந்தது.

இன்னொரு தடவை இதைச் சுமந்துகொண்டு நடக்க அவளால் முடியவில்லை.

"வாட்ச் பார்க்கல சார். எங்கப்பா பார்த்துட்டு இருந்தார்."

இளைஞரின் சிரிப்பு பாதியில் நின்றது. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். மேப்புவையும் பார்த்தார், அவள் கட்டிப்பிடித்திருந்த பையையும் பார்த்தார். அவருக்குச் சொல்லி விளங்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்கப்பா வந்திருக்காரா?"

"வெளிய இருக்கார் மேடம்."

"கொஞ்சம் வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்ததும் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு நிமிஷம்தானே ஆச்சு. அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"இல்லப்பா," என்றாள் மேப்பு. "உங்களைக் கூப்பிடறாங்க."